மஞ்சள் தாளில் என் கையெழுத்து

"இனிய நினைவுகளா இருந்தா நல்லா இருக்கும் மேடம். ரெண்டு பக்கம் போதும். கூட ஒரு போட்டோவும் அனுப்பிடுங்க."

போன வாரம் போனில் இப்படிக் கேட்டவர் டாக்டர் பிரவீன். நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த புற்றுநோய்ப் பிரிவுக்கு இன்று அவர்தான் தலைவர். பிரிவின் ஆண்டு மலருக்காக ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்குகிறார்களாம். சரி, எழுதித் தருகிறேன் என்று சொல்லி போனை வைக்கப் போனேன். அதற்குள் அவர் உற்சாகமாக இன்னொன்றும் சொன்னார்.

"இப்பல்லாம் உங்க வேலை ரொம்ப ஈசி ஆயிடுச்சு மேடம். ஆராய்ச்சிக் கட்டுரைங்கள கம்ப்யூட்டரே படிச்சு நம்பரெல்லாம் எடுத்துக் குடுத்துடுது. முன்ன மாதிரி ரெண்டு பேரு உக்காந்து கண்ணு வலிக்க படிக்க வேணாம். ரெண்டாவது ஆளே தேவையில்ல."

"ரெண்டாவது தடவ யாரு பாக்குறா?"

"அதே சாஃப்ட்வேர்தான் மேடம். ரெண்டு தடவ ஓட்டிடுவோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் விவரம் தெரியாதவர் என்று விட்டிருப்பேன். பிரவீன் அன்று எங்களோடு புள்ளியியல் அறையில் இருந்தவர். நடந்தது அத்தனையும் அவருக்குத் தெரியும். மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. அதனால் இனிய நினைவெல்லாம் என்னிடம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். மலரில் போட முடிந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் குப்பைக்கூடையில் போடுங்கள், எனக்குக் கவலையில்லை.

என் பெயர் லூர்து மேரி. கல்லூரியில் புள்ளியியல் படித்தேன். ஆஸ்பத்திரியில் முதலில் கிடைத்த வேலை பதிவு கவுன்ட்டரில் சீட்டு எழுதுவது. அங்கே ஐந்து வருடம் குப்பை கொட்டியபோது ஒன்றை நன்றாகத் தெரிந்துகொண்டேன். நம் ஊரில் ஒரே ஆள் இரண்டு ஆளாக வருவார். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு வந்த பெண், அடுத்த முறை புருஷன் பெயரின் முதல் எழுத்தோடு வருவாள். புதுப் பையன் கவுன்ட்டரில் இருந்தால் அவளுக்கு இரண்டாவது ஃபைல் திறந்துவிடுவான். பயாப்சி ரிப்போர்ட் ஒரு ஃபைலில் கிடக்கும், ஸ்கேன் இன்னொரு ஃபைலில் கிடக்கும், டாக்டர் கையில் பாதிதான் இருக்கும். "அப்பா பேரு என்னா, வூட்டுக்காரரு பேரு என்னா, எந்த ஊரு, மூணையும் கேக்காம சீட்டு போட்டீங்கன்னா பாருங்க" என்று நான் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்கும். பின்னால் என்னைப் புள்ளியியல் அறைக்கு எடுத்துக்கொண்டார்கள். மற்ற படிப்பெல்லாம் அங்கே வேலை செய்துகொண்டே படித்ததுதான்.

அந்த அறையில் நான் இருந்த கடைசிப் பத்து வருடத்தின் பெரும்பகுதி ஒரே வேலையில் போனது. மெட்டா அனாலிசிஸ் என்பார்கள். பெயர்தான் பயமுறுத்தும், விஷயம் எளிது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று ஓர் ஆஸ்பத்திரி சில நோயாளிகளிடம் பார்த்துக் கட்டுரை எழுதும். ஆட்கள் குறைவு என்பதால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. வேறு ஊரில் வேறொருவர் அதையே பார்த்திருப்பார், அவருக்கும் உறுதி இருக்காது. இப்படி உலகம் பூரா கிடக்கிற கட்டுரைகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள எண்களை உருவி, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் தனித்தனியாகத் தெரியாதது தெரியும். ஆள் அதிகமுள்ள ஆய்வுக்கு எடை அதிகம், குறைவாக உள்ளதற்கு எடை குறைவு.

கடைசியில் ஒரு படம் வரும். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு சின்னச் சதுரம், அதன் இரண்டு பக்கமும் மீசை மாதிரி ஒரு கோடு. எல்லாவற்றுக்கும் அடியில் சாய்சதுரமாக ஒன்று இருக்கும். நாங்கள் அதை வைரம் என்போம். அந்த வைரம் நடுக்கோட்டைத் தொடாமல் ஒரு பக்கமாக நின்றால் மருந்துக்குப் பலன் இருக்கிறது என்று சொல்லலாம். தொட்டுவிட்டால் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பலன் இல்லை என்றும் சொல்லக்கூடாது. தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு உயிர்நாடி ஒன்றே ஒன்று. ஒரே நோயாளியை இரண்டு தடவை எண்ணக்கூடாது. எண்ணினால் ஆள் கூடிவிட்ட மாதிரி இருக்கும், இல்லாத உறுதி இருக்கிற மாதிரி தெரியும்.

அப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் ஜெயசீலன். எல்லோருக்கும் அவர் பெரிய டாக்டர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. வார்டு துடைக்கிற அம்மாவிடம்கூட "ங்க" போட்டுத்தான் பேசுவார். காலை ஏழரைக்கு வந்து கார் சாவியை மேசைமேல் வைத்தால், அன்றைக்கு முதலில் பார்க்க வேண்டிய ஃபைல் அந்தச் சாவிக்கு அடியில் இருக்க வேண்டும். என்னை நல்ல மனநிலையில் "அம்மா" என்பார், கோபம் வந்தால் "மதாம்" என்பார். பேச்சு முடிந்தது, இனி வாயைத் திறக்காதே என்பதற்கு "வுவாலா" என்று ஒரு பிரெஞ்சு வார்த்தை வைத்திருந்தார். அதைச் சொல்லிவிட்டால் சாட்சாத் அந்தோணியாரே வந்தாலும் அவரிடம் மேற்கொண்டு பேச முடியாது.

இரண்டு தாள் முறையை எங்கள் அறையில் கொண்டுவந்தவர் அவர்தான். அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கட்டுரையை இருவர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். முதலில் படிப்பவர் வெள்ளைத் தாளில் எண்களை எழுதுவார், இரண்டாவதாகப் படிப்பவர் மஞ்சள் தாளில். எழுதி முடிக்கும்வரை இருவரும் ஒரே அறையில் உட்காரக்கூடாது, டீ குடிக்கும்போதுகூட அதைப் பற்றிப் பேசக்கூடாது. தாளின் அடியில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். எங்கே எண் இடிக்கிறதோ அங்கே சிவப்பு மையில் சுழி. மறுபடி கட்டுரையை எடுத்துப் பார்ப்போம். ஒருமுறை ஐந்து கட்டுரைக்கான தாள்களில் ஒரு சுழிகூட விழவில்லை. நான் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"ரெண்டு பேரு படிச்சு ஒரு இடத்துலகூட இடிக்கலன்னா, யாரோ ஒருத்தர் படிக்கலன்னு அர்த்தம், மதாம். திரும்பப் படிங்க."

இப்படிச் சொன்ன மனிதர்தான் அவர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மார்புப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் ஊசிகளும் முடிந்த பிறகு, மேற்கொண்டு ஒரு வருடம் ஒரு மாத்திரை கொடுப்பதால் நோய் திரும்பாமல் இருக்குமா என்பது கேள்வி. மாத்திரையின் பெயர் இங்கே வேண்டாம். அதன் தொல்லை என்னவென்று மட்டும் சொல்கிறேன். சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோல் உரிந்து, வெடித்துவிடும். கட்டுரைகளைத் தேடி எடுத்தோம். வெள்ளைத் தாள் பிரவீனுக்கு, மஞ்சள் எனக்கு. அவர் அப்போது மேற்படிப்பு மாணவர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும்.

நான் நிதானமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன். ஒரு கட்டுரையில், அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில், மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒரு பெண் வயலில் பாம்பு கடித்து இறந்துபோனாள் என்றிருந்தது. "பாவம், புத்துநோய்கிட்ட தப்பிச்சு பாம்புகிட்ட மாட்டிக்கிட்டா பாரு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது. கட்டுரை எழுதியவர் பெயர் சௌந்தரராஜன் வி. என்று அச்சாகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்கு எங்கள் முடிவை அனுப்பத் திங்கட்கிழமை கடைசி நாள். என் பக்கம் மூன்று கட்டுரைகள் பாக்கி. பெரிய டாக்டர் என் மேசைக்கே வந்தார்.

"பிரவீனோட வெள்ளைத் தாள் ரொம்ப நீட்டா இருக்கும்மா. அதப் பாத்து மஞ்சள்ல ஏத்திடுங்க. அனுப்பிட்டு, நிதானமா படிச்சுக்கலாம்."

"பாத்து எழுதினா அது ரெண்டாவது ஆளு படிச்சதா ஆகாதே டாக்டர்."

"மதாம். வுவாலா."

நான் பார்த்து எழுதினேன். மூன்று தாளிலும் "இரண்டாவதாகப் படித்தவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். உப்புக்குச் சப்பாணியாக ஒரு கையெழுத்து. அப்புறம் வழக்கம்போல மூலக்குளம் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். என்னிடம் சாக்கு எதுவும் இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, எனக்குத் தலைவலி இல்லை. முடியாது என்று சொல்ல என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? திங்கட்கிழமை வந்தது, அதற்கடுத்த திங்களும் வந்தது, நான் அவற்றைப் படிக்கவில்லை. அனுப்பிய பிறகு எவர் படிப்பார்? அந்த மூன்று தாளிலும் ஒரு சிவப்புச் சுழிகூட இல்லை. பெரிய டாக்டரும் அதைப் பார்த்தார், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வைரம் நடுக்கோட்டைத் தொடாமல் மயிரிழை தள்ளி நின்றது. மாத்திரைக்குப் பலன் உண்டு என்று எழுதினோம். மாநாட்டிலும் எடுத்துக்கொண்டார்கள், நல்ல பத்திரிகை ஒன்றும் கட்டுரையைப் போட்டது. பிரிவு முழுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பம் போய், படகுத்துறையில் கேக் வெட்டினோம். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

இனி நூர்ஜஹானைப் பற்றி.

முல்லா வீதியில் வீட்டின் முன்னறையையே தையல் கடையாக வைத்திருந்தவள். இருபது வருடம் எனக்கு ஜாக்கெட் தைத்தவள் அவள்தான். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். புருஷன் இல்லை, ஷபானா என்று ஒரே மகள். ஜாக்கெட்டில் ஆரி வேலை செய்வதில் நூர்ஜஹான் கையை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது. மெல்லிய ஊசியால் துணிக்கு அடியிலிருந்து நூலைக் கொக்கி போட்டு இழுத்து மயில் கழுத்தை எடுத்தால் மயில் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் எனக்கு அளவெடுக்கும்போது, தன் மார்பில் ஒரு கட்டி மாதிரி இருக்கிறது என்று அவளாகத்தான் சொன்னாள். மறுநாளே கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். ஆபரேஷன் ஆனது, ஊசிகள் முடிந்தன. அதன் பிறகு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் கட்டுரை வந்த பிறகு எங்கள் பிரிவில் அப்படி நிறையப் பேருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

நாலாவது மாதம் நான் கடைக்குப் போனபோது நூர்ஜஹான் இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாருங்க மேரிக்கா." துணியைப் பிரித்துக் காட்டினாள். உள்ளங்கை வெடித்து, விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. "ஊசிய புடிக்க முடியல. புடிச்சா துணில ரத்தம் படுது. ஷபானாவுக்கு நிக்காஹ் வச்சிருக்கு, ரெண்டு மாசம்கூட இல்ல. அவ ஜாக்கெட்டு நானே போடணும்னு சின்னதுலேர்ந்து சொல்லிக்கிட்டு வந்திருக்கேன்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். வேணும்னா ஒரு ரெண்டு மாசம் நிறுத்திப் பாக்கலாம், யோசிச்சு வந்து சொல்லுங்கம்மான்னாரு. எனக்கு என்னா தெரியும்? நீங்க சொல்லுங்க. நிறுத்தட்டா?"

இந்த இடத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மறுநாள் அந்தப் படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு போய், அவளுடைய வெட்டு மேசையில் சாக்பீஸையும் கத்தரிக்கோலையும் ஒதுக்கிவிட்டு விரித்தேன்.

"என்னாக்கா இது, பட்டன் ஹோல் வரிசையா எடுத்த மாதிரி இருக்கு?"

"அடியில வைரம் மாதிரி ஒண்ணு இருக்கு பாரு. நடுவுல இருக்குற கோட்ட அது தொடல. தொடலன்னா மாத்திரைக்குப் பலன் இருக்குன்னு அர்த்தம். ஊரு ஊரா பாத்து, எல்லாத்தையும் சேத்து நாங்களே கணக்குப் போட்டது. நிறுத்தாத நூரு. ஜாக்கெட்ட வேற யாரு வேணா தைப்பாங்க. உயிரு முக்கியமில்லையா?"

நூர்ஜஹான் குனிந்து அந்த வைரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோட்டுக்கும் அதற்கும் நடுவே இருந்த இடைவெளியைத் தையல்காரியின் கண்ணால் அளந்தாள்.

"ரொம்ப ஒட்டி நிக்குதேக்கா."

"ஒட்டி நின்னாலும் தொடலல்ல?"

"சரி. நீங்க சொன்னா சரி."

மாத்திரையை அவள் நிறுத்தவில்லை. ஷபானாவின் ஜாக்கெட்டைச் சென்னையில் ஒரு கடையில் கொடுத்து வாங்கினார்கள். நிக்காஹுக்கு நானும் போயிருந்தேன். பெண்ணின் அம்மா என்று எல்லோரும் கையைப் பிடித்துப் பேச வந்தார்கள். நூர்ஜஹான் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். ஷபானாவின் முதுகுப்பக்கம் ஜாக்கெட்டில் ஒரு மயில் கோணலாக இருந்தது. அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

அந்த மயில் என்னைத் தூங்கவிடவில்லை. கை வெடித்து மாத்திரையை இடையில் நிறுத்தியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கட்டுரைகளில் எங்கேயாவது இருக்கிறதா? நாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. நிக்காஹ் முடிந்த நாலாம் நாள், எல்லாக் கட்டுரைகளையும் மறுபடி எடுத்துக்கொண்டு முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தேன். நான் பார்த்து எழுதிய அந்த மூன்றையும் அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன்.

இரண்டாவதில், அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில், மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒரு பெண் வயலில் பாம்பு கடித்து இறந்துபோனாள் என்றிருந்தது.

பழைய கட்டுரையை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். இதை எழுதியவர் பெயர் வேறு, வேலாயுதம் எஸ். ஆஸ்பத்திரியும் வேறு, ஊரும் வேறு. ஆனால் இரண்டிலும் அதே பாம்பு, அந்தப் பெண்ணுக்கு அதே வயது, நோயாளிகளைச் சேர்க்க ஆரம்பித்த மாதமும் அதே. அப்புறம்தான் பெயரை ஒழுங்காகப் பார்த்தேன். சௌந்தரராஜன் வி., வேலாயுதம் எஸ். அட கடவுளே! வேலாயுதம் மகன் சௌந்தரராஜன். ஒரே மனிதர். ஒரு பத்திரிகை அவர் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறது, இன்னொன்று அப்பா பெயரைப் போட்டிருக்கிறது. நடுவில் அவர் வேலை மாறியிருக்கிறார், அதனால் விலாசமும் மாறிவிட்டது. முதல் கட்டுரையில் இருந்த நோயாளிகளோடு இன்னும் சிலரைச் சேர்த்து, சில வருடம் கழித்து இரண்டாவது கட்டுரை எழுதியிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. முன்பே ஒரு பகுதி வெளிவந்தது என்று உள்ளே ஒரு வரியும் எழுதியிருக்கிறார். படித்தால்தானே தெரியும்!

வெளிநாட்டுக்காரன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். அவனுக்கு நம் பெயர் வழக்கம் தெரியாது. பிரவீன் தமிழ்ப் பிள்ளை, பெரிய டாக்டர் தமிழர். நானோ ஐந்து வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து, "அப்பா பேரு என்னா" என்று ஊரையே கேட்டவள். ஒரே ஆளுக்கு இரண்டு ஃபைல் போட்ட பிள்ளைகளைக் கிழி கிழியென்று கிழித்தவள். கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளிகள் அத்தனை பேருக்கும் இரண்டு ஃபைல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பழைய கட்டுரையை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். வைரம் நகர்ந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டது.

மறுநாள் காலை ஏழரைக்குப் பெரிய டாக்டரின் கார் சாவிக்கு அடியில் புதுப் படத்தை வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிரவீன் பக்கத்தில் நின்றார்.

"டச்தான் பண்ணுது மதாம். தாண்டலையே."

"டச் பண்ணா தெரியலன்னு அர்த்தம் டாக்டர். நாம தெரியும்னு எழுதியிருக்கோம்."

"மாத்திரையால பிரயோஜனம் இல்லன்னு நிரூபிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப யாருக்கு என்ன நஷ்டம்?"

நூர்ஜஹானைப் பற்றிச் சொன்னேன், கையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அந்தம்மா இப்ப நல்லா இருக்காங்கல்ல?" என்றார். அடுத்த மாதம் இன்னொரு மாநாடு இருக்கிறது, போய் வந்ததும் பத்திரிகைக்குத் திருத்தம் எழுதலாம், அதுவரை நோயாளிகள் யாரிடமும் மூச்சு விடக்கூடாது, வீணாகப் பீதி கிளம்பும் என்றார். பிரவீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் மூச்சு விடாமல்தான் இருந்தேன்.

மாநாட்டில் பழைய வைரத்தையே காட்டிவிட்டு வந்தார். வந்த பிறகு நான் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்மா" என்றார். நாலு மாதம் இந்த மழுப்பலைக் கேட்டேன். அப்புறம் பொறுக்க முடியாமல் நானே பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினேன். இரண்டு கட்டுரையின் பிரதியையும் வைத்து, பாம்பு கடித்த வரியின் கீழே சிவப்புக் கோடு போட்டு அனுப்பினேன். விஷயம் தெரிந்தும் பெரிய டாக்டர் கத்தவில்லை. வராந்தாவில் எதிரே வந்தால் எப்போதும் போலக் கைகூப்பினார். கத்தியிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அடுத்த மாதம் என்னை ரெக்கார்டு அறைக்கு மாற்றி உத்தரவு வந்தது. "உங்க அனுபவம் அங்கதான் தேவைப்படுது மதாம்" என்று அதையும் மரியாதையாகவே சொன்னார். ஓய்வு பெறும்வரை அங்கே தூசிதான் தின்றேன்.

திருத்தம் வெளிவந்தது. நாலே வரி, கடைசிப் பக்கத்தில். எங்கள் கட்டுரையின் தலைப்பு அப்படியே இருக்கிறது. இன்றும் எங்கெங்கோ அந்தப் பழைய வைரத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். நாலு வரியை யார் தேடிப் படிக்கிறார்கள்?

திருத்தம் வந்த அன்று சாயங்காலம் முல்லா வீதிக்குப் போனேன். நூர்ஜஹான் மாத்திரையை முழுசாக ஒரு வருடம் சாப்பிட்டு முடித்துவிட்டிருந்தாள். கை ஓரளவு ஆறியிருந்தது. ஆனால் விரல் நுனியில் உணர்ச்சி சரியாக வரவில்லை, ரேகையே அழிந்துபோயிருந்தது. ஆதார் மெஷினில் கட்டைவிரலை வைத்தால் எடுக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆரி வேலையை வேறொரு பெண்ணிடம் விட்டிருந்தாள். இவள் அளவு மட்டும் எடுத்தாள்.

"நீங்க அன்னைக்கு நிறுத்தாதன்னு சொன்னீங்க பாருங்க, அதனாலதான் இன்னைக்கு உசுரோட உக்காந்திருக்கேன்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா திரும்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, மஞ்சள் தாள், பாம்பு, வேலாயுதம், சௌந்தரராஜன், கோட்டைத் தொட்ட வைரம் எல்லாம்.

அளவு நாடாவைச் சுருட்டி மேசைமேல் வைத்தாள்.

"அப்ப அந்த மாத்திரையால எனக்கு ஒண்ணும் ஆவலயா?"

"தெரியல நூரு. பலன் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே அதற்குத்தான் பயந்துகொண்டு வந்தேன்.

"ஷபானா நிக்காஹ் முடிஞ்ச நாலாம் நாளு."

நூர்ஜஹான் தன் விரல்களைப் பார்த்தாள். அந்த நாலாம் நாளுக்கப்புறம் தான் விழுங்கிய மாத்திரைகளை எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலாம் போல இருந்தது.

"தெரியலன்னு அப்பவே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. தெரியாததுன்னா நானே முடிவு பண்ணியிருப்பேன். என் கையிதானே."

அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு நான் அவளிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கவில்லை, கொடுக்க எனக்கு முகமில்லை. நூர்ஜஹான் இன்றும் நன்றாக இருக்கிறாள். கடைத்தெருவில் பார்த்தால் நின்று, "நல்லா இருக்கீங்களா மேரிக்கா" என்று கேட்கிறாள். கை குலுக்கும் வழக்கம் எங்களுக்குள் எப்போதும் கிடையாது. அதை நினைத்து எனக்கு நிம்மதியாக இருக்கிறது, அதை நினைத்தே வெட்கமாகவும் இருக்கிறது.

பிரவீன் சார், ஒரே சாஃப்ட்வேரை இரண்டு தடவை ஓட்டுவதும், உங்கள் வெள்ளைத் தாளைப் பார்த்து நான் மஞ்சளில் எழுதியதும் ஒன்றுதான். இரண்டும் இடிக்காது. இடிக்காவிட்டால் யாரோ ஒருவர் படிக்கவில்லை என்று அர்த்தம். உங்கள் காதுபடத்தான் பெரிய டாக்டர் இதைச் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை, முதலில் அது படிக்கட்டும். அதற்கப்புறம் அட்டவணைக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படிக்க, சம்பளம் கொடுத்து, கோபக்காரியாகப் பார்த்து ஒருத்தியை உட்கார வையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் முடியாது என்று சொன்னால் அவளை ரெக்கார்டு அறைக்கு அனுப்பாதீர்கள்.

போட்டோ கேட்டீர்கள். போட்டோ அனுப்பப் போவதில்லை. ரெக்கார்டு அறையிலிருந்து வெளியே வந்த அன்று ஒரே ஒரு தாளை நகலெடுத்து வந்தேன், அதை இத்துடன் வைத்திருக்கிறேன். வேலாயுதம் எஸ். கட்டுரைக்கான மஞ்சள் தாள். என் முகத்துக்குப் பதில் அதைப் போடுங்கள். அடியில் "இரண்டாவதாகப் படித்தவர்" என்ற இடத்தில் லூர்து மேரி என்று தெளிவாக இருக்கும். நான் அதைப் படிக்கவில்லை.